விறாந்தை நிற்கிறது, பின்பக்கம் இல்லை: முள்ளியவளையில் 1927ஆம் ஆண்டு வீட்டோடு புதிய பகுதி சேர்க்க வழி கேட்கிறேன்

கேள்வி: வளவுக்காரி, முள்ளியவளை

வணக்கம். நான் முள்ளியவளையில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் வளவில் உள்ள பழைய வீட்டைப் பற்றி எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டைக் காட்டாமல் யோசனை கேட்க முடியாது.

அம்மாவின் பேரனார் கட்டிய வீடு இது. தலைவாசல் நிலையின் மேற்சட்டத்தில் 1927 என்று உளியால் வெட்டியிருக்கிறது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாமரை. முதிரை மரம். பெண்வழிச் சீதனமாக அம்மம்மாவுக்கும் பிறகு அம்மாவுக்கும் வந்த வளவு. முன்னால் 32 அடி நீள விறாந்தை, ஆறு உருண்டைத் தூண்கள். செங்கல்லை வட்டமாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தூண்கள் அவை. விறாந்தைக்குப் பின் கூடம், இருபுறமும் அறைகள், மேற்கே உள்ளது சாமியறை. நடுவில் முற்றம். முற்றத்துக்கு அப்பால் குசினியும் நெல் வைக்கும் அறையும் இருந்தன. சுவர்கள் ஒன்றரை அடித் தடிப்பு. கூரை பனைமரமும் பீலி ஓடும் (அரைக்குழாய் வடிவ ஓடு).

2008 கடைசியில் சண்டை நெருங்கியதால் வெளியேறினோம். 2011இல் திரும்பி வந்தபோது ஓடு இல்லை, கைமரம் இல்லை, கதவும் யன்னலும் இல்லை. நிலைகள் மட்டும் சுவரோடு நின்றன. முற்றத்துக்கு அப்பால் இருந்த பகுதி எறிகணை விழுந்து மண்மேடாகிக் கிடந்தது. கிழக்கு அறையின் வெளிச்சுவரில் எறிகணைச் சன்னம் பட்ட குழிகள். எண்ணிப் பார்த்தேன், 23. ஒன்று உள்ளங்கை அகலம். மற்றவை பெருவிரல் நுழையும் அளவு. ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது.

பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவுக்கு 550 சதுர அடி வீடு கிடைத்தது. பழைய வீட்டுக்குக் கிழக்கே, 14 அடி தள்ளிக் கட்டினோம். பழைய வீட்டின் கூடத்துக்கும் விறாந்தைக்கும் தகரம் போட்டோம். அம்மாவுக்கு இப்போது 79 வயது. இரவில் திட்ட வீட்டில் படுக்கிறார், விடிந்ததும் பழைய விறாந்தைக்கு வந்துவிடுகிறார். இடையே மணல்முற்றம். பழைய வீட்டின் தரை நிலத்திலிருந்து 30 அங்குலம், திட்ட வீட்டின் தரை 18 அங்குலம். போன கார்த்திகையில் மழைக்குள் நடந்து வரும்போது படியில் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மலசலகூடமும் வெளியே, கிணற்றுப் பக்கம்.

ரொறன்ரோவில் இருக்கும் தம்பி 40 இலட்சம் ரூபா வரை அனுப்பலாம் என்கிறார். அவர் கேட்ட ஒப்பந்தக்காரர் ஒரு படம் தந்திருக்கிறார். திட்ட வீட்டை இடித்து, பழைய வீட்டின் பின்சுவரோடு ஒட்டி இரண்டு மாடி, தட்டைக் கூரை. பழைய சுவர் முழுவதும் சீமெந்துப் பூச்சு. ஆறு தூண்களையும் எடுத்துவிட்டு, அதே உருவில் கொங்கிறீற்றில் வார்த்த தூண்கள். "பழைய மாதிரியே செய்து தருவேன், வித்தியாசம் தெரியாது" என்கிறார். எனக்கு நெஞ்சு அடைக்கிறது. வித்தியாசம் தெரியாமல் செய்துவிட்டால், பிறகு பேரனார் கட்டியது எது என்று யாருக்குத் தெரியும்?

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னர், காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் நாட்களில், உறவினர்கள் எங்கள் விறாந்தையில்தான் பாய் விரித்துப் படுப்பார்கள். தகரத்துக்குக் கீழேயும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. அந்த விறாந்தையை இழக்க நான் தயாராக இல்லை. ஆனால் அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே குளியலறை வேண்டும், படி இல்லாத வழி வேண்டும், எனக்குப் புகை நிற்காத குசினி வேண்டும்.

புதிய பகுதியைப் பழையதைப் போலக் கட்டுவதா, வேறாகக் கட்டுவதா? பழைய சுவரோடு எப்படிச் சேர்ப்பது? அந்தக் குழிகளை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: படவரைஞர், வவுனியா

அக்கா, நீங்கள் எழுதிய அளவுகளை வைத்து ஒரு தாளில் கீறிப் பார்த்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கேட்கும் புதிய பகுதி ஏற்கெனவே வளவில் நிற்கிறது. அந்த 550 சதுர அடி வீடுதான் அது.

இரண்டு தரைகளுக்கும் வித்தியாசம் 12 அங்குலம். சக்கர நாற்காலிக்கும் தடியூன்றி நடப்பவர்களுக்கும் சாய்தளம் போடும்போது ஓர் அங்குலம் உயர 12 அங்குல நீளம் என்று கணக்குப் பார்ப்போம். 12 அங்குலம் ஏற 12 அடி வேண்டும். உங்களுக்கு இடையில் இருப்பது 14 அடி. 12 அடியைச் சாய்தளமாக விட்டு, மிச்ச 2 அடியைப் பழைய வீட்டின் பக்கம் சமதளமாக விடுங்கள். அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் கைபிடி, மேலே கூரை. அம்மா ஒரு படிகூட ஏறாமல் படுக்கையிலிருந்து விறாந்தைக்கு வருவார்.

பழைய வீட்டுக்குள் நுழையப் புதிதாகச் சுவரை உடைக்காதீர்கள். கிழக்கு அறையில் யன்னல் இருந்த இடம் திறந்துதானே இருக்கும்? அதன் மேல்வளைவையும் பக்கங்களையும் தொடாமல், யன்னலின் அடிச்சுவரை மட்டும் தரைமட்டம் வரை எடுத்தால் அது வாசலாகிவிடும். மேலிருந்து வரும் பாரம் இத்தனை வருடமாக இறங்கிய வழியிலேயே இறங்கும். எடுக்கும் செங்கற்களை எறியாதீர்கள், பழுது பார்க்க அதே கல் வேண்டும்.

சேர்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். சேர்க்காதீர்கள். பழைய அத்திவாரம் நூறு வருடம் இருந்து இறுகிவிட்டது, புதியது இனித்தான் இருந்து இறங்கும். இரண்டையும் கம்பியாலும் கொங்கிறீற்றாலும் கட்டினால் புதியது இறங்கும்போது பழைய சுவரை இழுத்து வெடிக்கவைக்கும். நடைவழியின் கூரையைத் தன் சொந்த இரும்புத் தூண்களில் நிறுத்துங்கள். சாய்தளத்துக்கும் பழைய சுவருக்கும் இடையில் அரை அங்குல இடைவெளி விடுங்கள். தூணுக்குக் குழி வெட்டும்போது பழைய சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி வெட்டுங்கள், பழைய அத்திவாரத்தை விட ஆழமாகப் போகாதீர்கள். ஒப்பந்தக்காரரின் இரண்டு மாடியைப் பின்சுவரோடு ஒட்டினால் இந்த விதிகள் எல்லாம் ஒரே நாளில் மீறப்படும்.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி வேலைகள் பழுதாவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டு சாய்வுக் கூரைகளை முட்டவைத்து நடுவில் பீலி வைப்பார்கள். மாவிலை விழுந்து பீலி அடைபடும். ஐப்பசி மழை ஒன்று பெய்தால் தண்ணீர் இரண்டு பக்கச் சுவருக்குள்ளும் இறங்கும். நடைவழிக் கூரை பழைய கூரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிற்கட்டும். பழையதில் விழும் மழை புதியதன் மேல் விழுந்து வெளியே ஓடிவிடும். நடுவில் பீலியே வேண்டாம்.

குளியலறையைத் திட்ட வீட்டின் வடபுறம் வையுங்கள். 8 அடிக்கு 6 அடி போதும். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் சுண்ணாம்புச் சுவர்ப் பக்கம் வரவே கூடாது. கழிவுக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

சட்டப் பக்கம்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டடங்கள் பாதுகாப்புக்குள் வரும். அதற்குப் பிந்தியவை நூறு வருடம் கடந்திருந்தால் வர்த்தமானியில் பிரகடனம் செய்யலாம். உங்கள் வீட்டைப் பற்றி அப்படி ஒரு பிரகடனம் இல்லையென்றால், பிரதேச சபையில் கட்டட வரைபட அனுமதி எடுத்தாலே போதும். அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள்: நாளைக்கு நீங்கள் ஆறு தூண்களையும் இடித்தாலும் கேட்க ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று, இதை இலேசாக எடுக்காதீர்கள். பின்பக்க மண்மேடு இன்னும் அள்ளப்படாமல் இருந்தால், மண்வெட்டி வைக்குமுன் கண்ணிவெடி அகற்றுபவர்களிடமோ பொலிஸிடமோ சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். வெடிக்காத எறிகணை ஒன்று உள்ளே கிடக்கலாம். துருப்பிடித்த இரும்பு எது தெரிந்தாலும் கைவைக்க வேண்டாம்.

வளவுக்காரி

தம்பி, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் திட்ட வீட்டை நான் ஒருநாளும் வீட்டின் பகுதியாக நினைத்ததில்லை. பழைய வீடு எழும்பும்வரை இருக்கும் இடம் என்றுதான் நினைத்தேன். அம்மா சொன்னார்: "முகாமிலிருந்து வந்து நான் முதலில் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தது அந்த வீட்டில்தான். அதை ஏன் இடிக்க வேண்டும்?" எனக்கு இது தோன்றாமல் போனதை எண்ணி வெட்கப்பட்டேன்.

கிழக்கு அறையின் யன்னல் திறந்துதான் இருக்கிறது, அகலம் மூன்றேகால் அடி. ஆனால் குழிகள் இருக்கும் சுவர் அதுதான். நடைவழி வந்தால் அம்மா ஒவ்வொரு நாளும் அந்த 23 குழிகளையும் பார்த்துக்கொண்டே நடப்பார். மண்மேட்டின் மேற்புறத்தை 2012இல் பார்த்துவிட்டுப் போனார்கள், உட்புறம் பார்க்கவில்லை. இந்தக் கிழமையே அறிவிக்கிறேன்.

பதில் 2: கீறல்பலகை, இலண்டன்

அக்காவுக்கு வணக்கம். என் அம்மாவின் ஊர் தண்ணீரூற்று. நான் இங்கே ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் பதினான்கு வருடமாகப் பழைய வீடுகளோடு புதிய பகுதிகளைச் சேர்க்கும் வேலை செய்கிறேன். தினமும் இதே கேள்வியோடுதான் இருக்கிறேன், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் பழைய கட்டடங்களை மூன்று தரமாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். 90 வீதத்துக்கும் மேற்பட்டவை "இரண்டாம் தரம்" என்ற கடைசித் தரம், அதாவது சாதாரண மக்கள் குடியிருக்கும் வீடுகளும் அதற்குள் வரும். அப்படிப் பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதி இல்லாமல் செய்தால் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம். ஒரு யன்னலை மாற்றக்கூட வரைபடமும் காரணமும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காரணத்தை எழுத உட்காரும்போதுதான் வீட்டையே முதன்முதலாகப் பார்க்கிறோம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. நீங்கள் எந்தச் சட்டமும் கேட்காமலே உங்கள் வீட்டைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறீர்கள்.

பழையதைப் போலக் கட்டுவதா, வேறாகக் கட்டுவதா என்ற சண்டை இங்கே மிகப் பழையது. 1877இல் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மொரிஸ் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தேவாலயங்களைப் "புதுப்பிக்கிறோம்" என்று சொல்லி, பிற்காலத்து வேலைகளை உடைத்தெறிந்து, பழையது போன்ற ஒன்றைத் தாங்களே கற்பனை செய்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எதிராகத்தான் அவர் எழுந்தார். 1964இல் வெனிஸ் நகரில் எழுதிய சாசனமும் இதைத்தான் சொல்கிறது: குறைந்துபோன இடத்தில் வைக்கும் புதியது முழுமையோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்தறியக் கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தக்காரர் பெருமையாகச் சொன்ன "வித்தியாசம் தெரியாது" என்பதைத்தான் அந்தச் சாசனம் தடுக்கிறது. பேரனார் கட்டியது எது என்று யாருக்குத் தெரியும் என்று நீங்கள் கேட்டீர்களே, அந்தச் சாசனத்தின் கேள்வியும் அதுதான்.

உங்கள் வீட்டைப் பற்றி வாசித்தபோது வோரிக்சயரில் உள்ள அஸ்லி கோட்டை நினைவுக்கு வந்தது. 1978இல் தீப்பிடித்து இடிபாடாகிப்போன இடம். பல வருடம் அப்படியே கிடந்தது. பிறகு அதைத் திருத்தும்போது, எரிவதற்கு முன் இருந்ததைப் போல ஆக்க முயலவில்லை. உடைந்து நிற்கும் கற்சுவர்களின் விளிம்பை அப்படியே விட்டு, இடைவெளிகளில் புதிய செங்கல்லை வைத்துத் தாங்கினார்கள். உள்ளே புதிய வீடு. 2013இல் பிரித்தானியக் கட்டடக்கலையின் பெரிய பரிசான ஸ்ரேர்லிங் விருது அதற்குக் கிடைத்தது. நான் போய் நின்று பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்தது, எல்லா அறைக்கும் அவர்கள் கூரை போடவில்லை என்பதுதான். சில அறைகள் வானம் பார்த்தபடி இருக்கின்றன. சுவர் இருக்கிறது, யன்னல் இருக்கிறது, மேலே ஒன்றும் இல்லை.

அக்கா, உங்கள் பின்பக்கத்தை வெடிபொருள் அற்றது என்று உறுதிசெய்து துப்புரவாக்கிய பிறகு, அதன் மேல் எதையும் கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்திவாரக் கல் வரிசை தெரியும்படி விட்டு, உள்ளே மணல் பரப்பி, உங்கள் முற்றத்தோடு சேர்த்துவிடுங்கள். குசினி இருந்த இடத்தில் ஒரு தோடை மரமோ எலுமிச்சையோ நடுங்கள், ஆனால் சுவரிலிருந்து தள்ளி. கொழும்பில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா தன் வீட்டை வரிசையில் நின்ற நான்கு சிறு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிச் சேர்த்தே உருவாக்கினார். ஒன்றையொன்று சேர்க்கும் இடங்களில் கூரையில்லாத சிறு முற்றங்களை விட்டார், வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. படவரைஞர் தம்பி சொன்ன நடைவழியும் அப்படி ஒரு சேரும் இடம்தான்.

நடைவழியின் பக்கங்களை இங்கே நாங்கள் கண்ணாடியால் மூடுவோம், பழைய சுவர் மறையாமல் தெரிவதற்காக. முல்லைத்தீவு வெயிலில் அதைச் செய்யாதீர்கள், உள்ளே நிற்க முடியாது. தெற்குப் பக்கம் பனஞ்சிலாகைத் தட்டி, வடக்குப் பக்கம் திறந்தபடி. மாரியில் வாடைக்காற்றோடு சாரல் வந்தால் ஏற்றி இறக்கும் தட்டி ஒன்று போதும்.

குழிகளைப் பற்றி என் கருத்து: அப்படியே விடுங்கள். இலண்டனிலேயே இரண்டாம் உலகப் போரின் குண்டுச் சிதறல் பட்ட குழிகளோடு நிற்கும் சுவர்கள் இருக்கின்றன. விக்ரோறியா அல்பேட் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் அவற்றைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள், நான் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். 1927 என்ற எழுத்தைப் போலவே அந்தக் குழிகளும் வீட்டின் எழுத்து. பூசிவிட்டால் அடுத்த தலைமுறை சுவரை மட்டும்தான் பார்க்கும்.

பதில் 3: சாந்தகப்பை, குமுழமுனை

பிள்ளை, நான் மேசன். வயது 71. சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

இலண்டன் தம்பி நல்லாகச் சொன்னார். ஆனால் அருங்காட்சியகத்துச் சுவரின் பக்கத்தில் யாரும் படுப்பதில்லை. அந்தச் சுவரைத் தினமும் கடக்கப்போவது உங்கள் அம்மா. பூசுவதா விடுவதா என்று அவரிடம் கேளுங்கள், நான் சொல்லமாட்டேன். எது செய்தாலும் அதற்குமுன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. குழிக்குள் இரும்புச் சன்னம் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் பிடித்தால் தெரியும். இரும்பு உள்ளே கிடந்தால் துருப்பிடித்து ஊதும். ஊதினால் சுற்றியுள்ள செங்கல் வெடிக்கும். விட்டாலும் வெடிக்கும், பூசினாலும் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சிறு சன்னத்தை உளியால் தோண்டி எடுத்துவிடலாம். விரலை விடப் பெரிதாக எதுவும் தெரிந்தால் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

சீமெந்து வேண்டவே வேண்டாம். இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை, நான் செய்த பிழையை வைத்துச் சொல்கிறேன். 2013இல் எங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டுக்கு, சண்டையில் உதிர்ந்த இடமெல்லாம் சீமெந்து பூசிக் கொடுத்தேன். இரும்பு போல நின்றது. வீட்டுக்காரர் சந்தோசப்பட்டார், நானும் சந்தோசப்பட்டேன். மூன்று மாரி போனது. ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பூச்சு பலகை பலகையாகக் கழன்று நிற்கிறது. தட்டி எடுத்தேன். பூச்சோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்தது, மாப்போலக் கையில் உதிர்ந்தது. பழைய வீட்டு அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை கிடையாது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும், சுண்ணாம்பு அதை வெளியே மூச்சு விட்டுவிடும். நான் சீமெந்தால் மூக்கை அடைத்துவிட்டேன். ஈரமும் உப்பும் கல்லுக்குள்ளேயே நின்று கல்லைத் தின்றுவிட்டன. அந்தச் சுவரைக் கட்டியவனுக்கு நான் செய்த துரோகம் அது. இன்றைக்கும் அந்த ஒழுங்கையால் போவதற்கு மனமில்லை.

பிள்ளை, பூச்சு எப்போதும் கல்லை விட மெதுவாக இருக்க வேண்டும். கெடுவதானால் பூச்சுக் கெடட்டும், அதைத் திரும்பப் பூசலாம். கல் கெட்டால் வீடு போய்விடும்.

சுண்ணாம்பு செய்வது இப்படித்தான். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்குங்கள், தூளாக நீறிக் கிடப்பது வேண்டாம். தொட்டியில் முதலில் தண்ணீர், அதற்குள் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துக் கண்ணில் படும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கொதித்து அடங்கிய பிறகு வடித்து, தண்ணீருக்குக் கீழேயே வையுங்கள். ஒரு மாதம் குறைந்தது, மூன்று மாதம் நல்லது. எடுக்கும்போது வெண்ணெய் போல இருக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஆற்று மணலைக் கழுவி எடுங்கள், கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது.

பூசும் சுவரை முதல் நாளே நனைத்து வையுங்கள். ஒரு தடவையில் சின்னிவிரல் தடிப்புக்கு மேல் போடக்கூடாது. நேர் வெயில் படக்கூடாது. ஈரச் சாக்குத் தொங்கவிட்டு மெல்ல மெல்ல இறுக விடுங்கள், ஒரு கிழமை கழித்து அடுத்த பூச்சு. சித்திரை வெயிலில் இந்த வேலையைத் தொட வேண்டாம். கொட்டும் மாரியிலும் வேண்டாம். தையும் மாசியும் நல்லது. மேலே அடிப்பதும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும், வாளியில் விற்கும் பிளாஸ்ரிக் வர்ணம் வேண்டாம். அதுவும் மூக்கை அடைக்கும்.

தூண்களைத் தட்டிப் பாருங்கள். கல்லோடு பிடித்திருக்கும் பூச்சு திடமாகச் சத்தம் தரும், விட்டுப்போன இடம் பானையைத் தட்டியது போலக் கேட்கும். கேட்கும் இடத்தை மட்டும் எடுங்கள். ஆறு தூணையும் உடைக்கச் சொன்னவர் ஒன்றையாவது தட்டிப் பார்த்தாரா?

கூரைக்குப் பனை, பாலை, முதிரை எதைத் தறிப்பதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வைரம் ஏறின பனையைக் கறையான் அவ்வளவு இலேசில் தொடாது. தகரத்தை எடுக்குமுன் சுவர்த் தலைப்பைப் பாருங்கள். மழை இறங்கிக் கல் தளர்ந்திருந்தால் இரண்டு மூன்று வரிசை பிரித்துச் சுண்ணாம்பில் திரும்பக் கட்டிவிட்டுத்தான் வளை ஏற்ற வேண்டும்.

வளவுக்காரி

எல்லாருக்கும் நன்றி. மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

மண்மேட்டைப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு மேலிருந்து மெல்ல அள்ளினோம். முழுச் செங்கல் மட்டும் 600க்கு மேல் வந்தது. அடியில் அம்மம்மாவின் அம்மி இரண்டாக உடைந்து கிடந்தது. தரை சாணியும் சுண்ணாம்பும் இறுகியபடி அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில் கட்டமாட்டேன்.

தம்பியோடு மூன்று இரவு பேசினேன். அவருக்குக் கோபம் வந்தது. அவர் நினைத்து வைத்திருந்த வீட்டில் மாடியில் அவருடைய பிள்ளைகளுக்கு ஒவ்வோர் அறை இருந்தது. அது நியாயமான ஆசைதான். நான் தூண்களைத் தட்டும் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்கவைத்தேன். ஆறில் நான்கு திடமாக இருக்கின்றன. மற்ற இரண்டிலும் அடிப்பக்கம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, விறாந்தைக்குப் பீலி ஓடு கிடைக்குமா என்று கேட்டார். இடிந்த வீடுகளில் கிடப்பதை விலைக்கு வாங்கிச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன், 400 வரை வந்திருக்கிறது. விறாந்தையின் முன்சாய்வுக்குப் பீலி ஓடு, பின்னுக்குக் கிடைக்கும் சாதாரண ஓடு. பிள்ளைகள் வந்தால் கிழக்கு அறையிலும் கூடத்திலும் படுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

காந்தம் பிடித்துப் பார்த்ததில் 23 குழிகளில் ஒன்பதில் இரும்பு இருந்தது. எடுத்து ஒரு பேணியில் போட்டு வைத்திருக்கிறோம். அம்மாவிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் சுவர் அருகே கதிரை போடச் சொல்லி உட்கார்ந்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். யன்னல் அருகே இருக்கும் ஏழு குழிகளையும், நடந்து வரும்போது கண்மட்டத்துக்கு நேராக வருவன என்பதால், பூசச் சொன்னார். மற்றவை இருக்கட்டும் என்றார். குளவிக்கூடு இருக்கும் குழி அவர் இருக்கட்டும் என்று சொன்ன பக்கத்தில்தான் இருக்கிறது. இலண்டன் தம்பி, உங்களுக்கு இது பாதித் திருப்திதான் என்று தெரியும். ஏழு குழிகளையும் பூசுமுன் படம் பிடித்து, எந்த இடத்தில் எத்தனை அங்குலம் என்று கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன்.

படவரைஞர் தம்பி வந்து அளந்துவிட்டுப் போனார். இடைவெளி 14 அடி 3 அங்குலம். வரைபடம் பிரதேச சபைக்குக் கொடுத்திருக்கிறோம். நடைவழியும் குளியலறையும் மாரிக்கு முன், சுண்ணாம்பு வேலை தையில்.

மேசன் ஐயாவிடம் ஒரு கேள்வி. சுண்ணாம்பை ஊறவைக்க, கிணற்றடியில் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று இருக்கிறது, நாலடி நீளம். அதில் வைத்தால் பழுதாகுமா?

சாந்தகப்பை, குமுழமுனை

வைக்கலாம். தொட்டியில் வெடிப்பு இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கு மேலே நான்கு விரல் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். மேலே பலகை போட்டு மூடுங்கள், கோழி விழுந்துவிடும். ஐப்பசி பிறக்குமுன் நீற்றிவிட்டால் தைக்குச் சரியாக வரும். நீற்றும் நாளைச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.